தனியார் தளங்கள் பயனர்களின் பதிவுகளை நீக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1. தளம் தனியார் நிறுவனத்தின் சொத்து. அதில் எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்ய அந்த நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டல்லவா?

முடிவு செய்யும் உரிமை உண்டு. அது முழு உரிமையா என்பதில்தான் தகராறு. எதை நீக்குவது என்பதில் ஒரு தளத்துக்கு விரிவான சுதந்திரம் இருக்க வேண்டும் என்றும், எப்படி நீக்குவது என்பதில் அந்தச் சுதந்திரத்துக்கு வரம்பு வேண்டும் என்றும் கருதுகிறேன். கீழேயுள்ள விடைகள் இந்த நிலைப்பாட்டிலிருந்தே எழுதப்பட்டவை. இதை ஏற்காதவர்கள், எந்த இடத்தில் என்னோடு முரண்படுகிறார்கள் என்பதையாவது இவற்றில் கண்டுகொள்ளலாம்.

சொத்துரிமையை மட்டும் வைத்து இந்தத் தகராறை முடித்துவிட முடியாது. பொதுமக்களை அழைத்துத் தொழில் நடத்துபவர் எவரானாலும், இடம் தம்முடையது என்பதற்காக வந்தவரை எப்படியும் நடத்திவிட இயலாது. கொடுத்த வாக்குப்படி நடக்க வேண்டும், ஒப்பந்தத்தை முறிப்பதானால் காரணம் சொல்ல வேண்டும். தளங்களும் "விதிமுறைகளை ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தச் செய்து ஒவ்வொரு பயனரோடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பயனரைக் கட்டுப்படுத்தும் அந்த ஒப்பந்தம் தம்மை மட்டும் கட்டுப்படுத்தாது என்று அவை வாதிட முடியாது.

2. பதிவை நீக்கினால் என் பேச்சுரிமை பறிக்கப்பட்டதாகாதா?

சட்டப்படி, பெரும்பாலும் இல்லை. அரசியலமைப்புகள் பேச்சுரிமையை முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமையாகவே வகுத்திருக்கின்றன. அமெரிக்காவில் இந்தக் கோடு மிகக் கண்டிப்பானது. அங்கே பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற விதிவிலக்கு உண்டு. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்ற ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதன் நடைபாதையில் நின்று சமயத் துண்டறிக்கை கொடுத்த ஒரு பெண்ணை, தனியார் இடத்தில் அத்துமீறியதாகக் கைது செய்தார்கள். 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது: ஓர் ஊர் செய்யும் வேலைகள் அனைத்தையும் செய்யும் நிறுவனம், ஊருக்குரிய கடமைகளிலிருந்து நழுவ முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். பெரிய தளங்களும் இன்று அப்படிப்பட்ட ஊர்கள்தாம் என்று வாதிடுவோர் அடிக்கடி இந்த வழக்கை எடுத்துக்காட்டுவர். ஆனால் 2019-இல், மன்ஹாட்டனில் பொதுமக்களுக்கான கேபிள் அலைவரிசையை நடத்திய ஒரு தனியார் அமைப்பு குறித்த வழக்கில், பிறர் பேச இடம் கொடுப்பது மட்டும் ஒருவரை அரசாக்கிவிடாது என்று அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இந்த ஒப்புமை வலுவற்றது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிக்கசாவில் வாழ்ந்தவருக்கு வேறு தெரு கிடையாது. தளத்தில் எழுதுபவருக்கு, சிரமத்தோடாவது, வேறு வழி உண்டு. அந்தச் சிரமம் எவ்வளவு என்பதற்குப் 12-ஆம் கேள்வியில் வருகிறேன்.

3. சட்டம் தடை செய்யாத எதையும் தளம் நீக்கக் கூடாது என்று விதித்துவிட்டால் என்ன?

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை நடைமுறையில் தாக்குப்பிடிக்காது. சட்டம் தடை செய்யாதவற்றின் பட்டியல் மிக நீளமானது. ஒரே விளம்பரத்தை ஆயிரம் முறை ஒட்டுவது, துக்கம் தெரிவிக்கும் பதிவின் கீழ் கேலி எழுதுவது, பட்டினி கிடந்து உடல் மெலியச் சிறுமியருக்குக் கற்றுத் தருவது, விபத்தில் சிதைந்த உடலின் படத்தைச் சமையல் குறிப்புகளுக்கு நடுவே போடுவது ஆகியவற்றில் பல, பல நாடுகளில் குற்றமே அல்ல. இவற்றை நீக்கத் தடை விதித்தால், மிக அதிகமாகக் கத்துபவர்களும் மிக மலிவாக விளம்பரம் செய்பவர்களும் மட்டுமே தளத்தில் எஞ்சுவார்கள். மற்றவர்கள் பேச்சுரிமையோடு அமைதியாக வெளியேறிவிடுவார்கள்.

சதுரங்கம் பற்றிப் பேசும் குழுவில் அரசியல் பதிவை நீக்குவது அரசியல் மீதான பகையல்ல. பொருளைக் காப்பதற்கும் நீக்கும் உரிமை தேவைப்படுகிறது. தணிக்கையை எதிர்ப்பதாக அறிவித்துக்கொண்டு தொடங்கும் தளங்களும் சில மாதங்களில் விதிகளை எழுதத் தொடங்குவதற்குக் காரணம் கொள்கை மாற்றம் அன்று. அவற்றின் நிர்வாகிகள் வரும் புகார்களைப் படிக்கத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான்.

4. விருப்பப்படி நீக்கும் தளம், பத்திரிகை ஆசிரியரைப் போல, மீதமுள்ள அனைத்துக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

இந்தத் தர்க்கம் ஒரு முறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 1991-இல் கம்ப்யூசர்வ் என்ற இணையச் சேவை, தன் தளத்தில் வெளியான அவதூறுக்குப் பொறுப்பல்ல என்று நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. அது எதையும் படித்துப் பார்க்கவில்லை, ஆகவே புத்தகக் கடைக்காரரைப் போன்றது என்பது காரணம். 1995-இல் பிராடிஜி என்ற போட்டி நிறுவனத்துக்கு வேறு கதி நேர்ந்தது. குடும்பத்தினருக்கு ஏற்ற இடமாக இருக்க வேண்டும் என்று அது ஆபாசச் சொற்களை வடிகட்டியது, குழுக்களுக்குப் பொறுப்பாளர்களை நியமித்தது. ஒரு பங்குத் தரகு நிறுவனத்தைப் பற்றி அடையாளம் தெரியாத ஒருவர் எழுதிய பதிவுக்காக வழக்கு வந்தபோது, நீக்கும் வேலையைச் செய்வதாலேயே பிராடிஜி பதிப்பாளர் ஆகிவிட்டது என்று நியூயார்க் மாநில நீதிமன்றம் கருதியது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைத்த பாடம் விபரீதமானது: குப்பையைத் தொடாதவன் தப்பிப்பான், கூட்டிப் பெருக்க முயன்றவன் மாட்டுவான். அமெரிக்க நாடாளுமன்றம் 1996-இல் கொண்டுவந்த தகவல்தொடர்பு ஒழுங்குச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு இதைச் சரிசெய்யவே எழுதப்பட்டது. பயனரின் பதிவுக்குத் தளத்தைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்று அதன் ஒரு பகுதி கூறுகிறது. தளம் ஆட்சேபத்துக்குரியது என்று நன்னம்பிக்கையோடு கருதி நீக்கும் எதற்காகவும், அது அரசியலமைப்பின் பாதுகாப்புப் பெற்ற பேச்சாகவே இருந்தாலும், தளத்தின் மீது பொறுப்புச் சுமத்த முடியாது என்று மற்றொரு பகுதி கூறுகிறது. தளங்கள் நடுநிலையாக இருப்பதற்கு ஈடாகவே இந்தப் பாதுகாப்பு தரப்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தின் வாசகத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

5. தளம் பத்திரிகையைப் போன்றதா, தொலைபேசியைப் போன்றதா?

அமெரிக்காவின் டெக்சஸ், புளோரிடா மாநிலங்கள் 2021-இல் இயற்றிய சட்டங்கள் இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றன. பெரிய தளங்கள் கருத்துச் சார்பின் அடிப்படையில் பதிவுகளை நீக்கக் கூடாது என்றது டெக்சஸ் சட்டம். 2024 ஜூலை 1 அன்று வந்த தீர்ப்பில், செய்தியோட்டத்தில் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்று தேர்ந்து அடுக்குவதும் பத்திரிகை ஆசிரியரின் தேர்வைப் போலப் பாதுகாப்புக்குரிய வெளிப்பாடே என்று நீதிபதி எலினா கேகன் எழுதினார். ஆனால் அந்தச் சட்டங்கள் வேறு எந்தெந்தச் சேவைகளைத் தொடுகின்றன என்பதைக் கீழ்நீதிமன்றங்கள் ஆராயவில்லை என்று கூறி, இரு வழக்குகளையும் அவற்றுக்கே திருப்பி அனுப்பியது நீதிமன்றம்.

ஆரவாரமில்லாத அந்தப் பின்பகுதிதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஒரே செயலிக்குள் இரண்டு விதமான சேவைகளும் இருக்கின்றன. முன்பக்கத்தில் யாருடைய பதிவு முதலில் வரும் என்று நிறுவனம் தேர்ந்தெடுக்கிறது. அங்கே அது ஆசிரியர். நான் ஒரு நண்பருக்கு அனுப்பும் தனிச்செய்தியை அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே அது தபால்காரர். தபால்காரருக்கு ஆசிரியரின் சுதந்திரத்தைக் கொடுக்க வேண்டிய தேவையில்லை.

6. தளங்கள் தவறாக நீக்குவது எப்படி நேர்கிறது?

பதிவுகளின் எண்ணிக்கை, வேகம், மொழி, சூழல் ஆகிய நான்கும் சேர்ந்து நேரும் பிழைகளே மிகுதி. உள்நோக்கத்தோடு நடப்பவை, பேசப்படும் அளவுக்கு இல்லை என்பது என் கணிப்பு.

2020 அக்டோபரில், பிரேசிலில் ஒரு பெண் மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளை விளக்கி இன்ஸ்டகிராமில் ஒரு படத்தை இட்டார். இளஞ்சிவப்புப் பின்னணி, போர்த்துகீசிய மொழியில் தலைப்பு, அதற்குள் 8 சிறு படங்கள். அவற்றில் 5 படங்களில் முலைக்காம்பு தெரிந்தது. நிர்வாணத்தைத் தடுக்கும் விதியிலேயே புற்றுநோய் விழிப்புணர்வுக்கு விலக்கு இருந்தது. எனினும் பதிவுகளைத் தானாகவே சோதிக்கும் நிரல் படத்தை மட்டும் பார்த்தது. படத்தின் மேலேயே எழுதியிருந்த நோயின் பெயரைப் பார்க்கவில்லை. மனிதர் எவரும் பார்க்காமலே பதிவு போய்விட்டது. இன்ஸ்டகிராமின் தாய் நிறுவனமான பேஸ்புக் (இன்றைய மெட்டா) அமைத்த மேற்பார்வை வாரியம் இந்த வழக்கை விசாரணைக்கு எடுத்த பிறகுதான் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு பதிவை மீட்டது. மனிதக் கண்காணிப்பு போதாமையே காரணம் என்று வாரியம் 2021 ஜனவரியில் தீர்ப்பெழுதியது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த இன்னொரு முடிவு இதைவிடக் கவலை தருவது. குர்தியத் தலைவர் அப்துல்லா ஒஜலான் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டிருப்பதைப் பற்றிப் பேசுமாறு அழைத்த ஒரு பதிவு, ஆபத்தான நபரை ஆதரிப்பதாக நீக்கப்பட்டது. வாரியம் கேள்வி கேட்டபோது, அவருடைய சிறைநிலையைப் பற்றி விவாதிக்க அனுமதி தரும் ஓர் உள்வழிகாட்டல் முன்பே எழுதப்பட்டிருந்ததும், 2018-இல் புதிய பரிசீலனை முறைக்கு மாறியபோது அது விடுபட்டுப்போனதும் தெரியவந்தது. மூன்று ஆண்டுகளாக அந்த விதி இல்லாமலே பதிவுகள் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கின்றன. விதி தொலைந்தது நிறுவனத்துக்கே தெரியாது; பதிவை இழந்தவர்களுக்கு அப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது.

1972-இல் வியட்நாமில் நேபாம் குண்டுத் தீக்காயத்தோடு ஓடிவரும் சிறுமியின் படத்தை 2016-இல் பேஸ்புக் நீக்கியது, நார்வே பிரதமர் எர்னா சூல்பர்க் அதையே தம் பக்கத்தில் இட்டபோது அதையும் நீக்கியது, எதிர்ப்பு வலுத்த பிறகு மீட்டது ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. பிரதமரின் பதிவை நீக்கியதால் ஒரே நாளில் திருத்தம் வந்தது. பிரதமராக இல்லாதவர் என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி.

7. சரி, "எப்படி நீக்குவது" என்பதற்கு என்ன வரம்பு வைக்கலாம்?

2021 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கு நல்ல அளவுகோல். சட்டம் அனுமதிக்கும் பேச்சையும் தன் விதிகளின்படி நீக்க பேஸ்புக்குக்கு உரிமை உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. ஆனால் பதிவை நீக்கினால் பின்னராவது பயனருக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கை முடக்குவதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்லி, பதிலளிக்க வாய்ப்புத் தந்து, பதிலைப் பார்த்தபின் மறுபடி முடிவெடுக்க வேண்டும் என்றது. அப்படிப்பட்ட நடைமுறை ஒப்பந்தத்தில் இல்லாததால், அப்போதைய விதிகள் செல்லாது என்றும் கூறியது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்து, இதே எண்ணத்தை விரிவாக எழுதிவைத்திருக்கிறது. எந்த விதியை மீறியதாகக் கருதப்பட்டது, முடிவில் தானியங்கி முறைக்குப் பங்கு உண்டா என்பவற்றைச் சொல்லும் காரண அறிக்கை பயனருக்குத் தரப்பட வேண்டும். முடிவு வந்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் முறையிட வழி இருக்க வேண்டும். அந்த முறையீட்டை நிரலை மட்டும் வைத்துத் தீர்க்கக் கூடாது. சிறு நிறுவனங்களுக்கு இந்த முறையீட்டு ஏற்பாட்டிலிருந்து விலக்கு உண்டு, ஒன்றியத்துக்குள் 4.5 கோடிக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட தளங்களுக்குக் கூடுதல் கடமைகள் உண்டு. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம்.

"உங்கள் பதிவு எங்கள் சமூக நெறிகளுக்கு முரணானது" என்ற ஒற்றை வரியைப் பெற்றவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை விளங்கும். எந்த நெறி, எந்தச் சொல், யார் பார்த்தது என்று எதுவும் இல்லாத அறிவிப்பை எதிர்த்து வாதாட எதுவுமே இல்லை.

8. இத்தனை நடைமுறை வைத்தால் அவசரமான ஆபத்துகளை எப்படித் தடுப்பது?

முதலில் நீக்கிவிட்டுப் பிறகு காரணம் சொல்லலாம். ஜெர்மானியத் தீர்ப்பே அதற்கு இடம் தருகிறது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 பேரைக் கொன்றவன் அதை நேரலையில் காட்டினான். பேஸ்புக் தந்த தகவலின்படி, நேரலையைப் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு. முதல் புகாரே நேரலை முடிந்து 12 நிமிடம் கழித்துத்தான் வந்தது. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அதன் படிகள் 15 லட்சத்தை அந்நிறுவனம் நீக்கியது; அவற்றில் 12 லட்சம் பதிவேறும்போதே தடுக்கப்பட்டவை. இந்த வேகத்தில் இயங்க நிரல் வேண்டும். நிரல் வேண்டும் என்பதாலேயே முறையீடு வேண்டாம் என்று ஆகிவிடாது. வேகம் கூடக்கூடப் பிழையும் கூடுவதால் முறையீட்டின் தேவைதான் கூடுகிறது.

9. அரசு கேட்டுக்கொண்டதால் தளம் நீக்கினால்?

அப்போது நிலைமை அடியோடு மாறுகிறது. இது தனியாரின் சுதந்திரம் என்ற வாதம் அங்கே பொருந்தாது. ரோட் ஐலண்ட் மாநிலம் ஒரு காலத்தில், இளைஞர்களைக் கெடுக்கும் நூல்களைக் கண்டறிய ஓர் ஆணையத்தை வைத்திருந்தது. வழக்குத் தொடரும் அதிகாரமோ பறிமுதல் செய்யும் அதிகாரமோ அதற்குக் கிடையாது. நூல் விநியோகஸ்தருக்கு அது கடிதம் எழுதும்; இன்னின்ன நூல்கள் ஆட்சேபத்துக்குரியவை என்று சொல்லும்; ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றியும் தெரிவிக்கும். சில நாளில் காவலர் ஒருவர் கடைக்கு வந்து, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று விசாரிப்பார். விநியோகஸ்தர் நூல்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். இது தணிக்கையே என்று 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. மிரட்டித் தனியாரைக் கொண்டு பேச்சை அடக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்பதை 2024-இல் மற்றொரு வழக்கில் ஒருமனதாக மீண்டும் உறுதி செய்தது.

சட்டத்தின் மூலமாகவே அவசரப்படுத்தினாலும் விளைவு ஏறக்குறைய இதுதான். 24 மணி நேரத்தில் நீக்கு, இல்லாவிட்டால் பெரும் அபராதம் என்றால், சந்தேகத்துக்கு இடமுள்ள ஒவ்வொன்றையும் நீக்குவதே நிறுவனத்துக்கு லாபம். தவறாக நீக்கியதற்கு அபராதம் இல்லையே! பிரான்சில் இப்படிப்பட்ட ஒரு சட்டத்தின் மையப் பகுதியை 2020 ஜூனில் அரசியலமைப்பு மன்றம் இதே காரணத்துக்காக ரத்து செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிமன்ற ஆணையோ அரசின் முறையான அறிவிக்கையோ வந்தால்தான் தளத்துக்கு நீக்கும் சட்டக்கடமை எழும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுக்குப் பொருள் கூறியது. லட்சக்கணக்கான கோரிக்கைகளில் எது நியாயமானது என்று தளங்களே தீர்மானிப்பது கடினம் என்பதையும் சுட்டிக்காட்டியது.

ஆகவே அரசு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவை இட்டவருக்கு அது காட்டப்பட வேண்டும். தொலைபேசியில் சொல்லி நீக்கச் செய்வதைவிட வெளிப்படையான தடையாணையே மேல், ஏனெனில் ஆணையை எதிர்த்து வழக்காட முடியும்.

10. அரசியல் தலைவர்களின் கணக்குகளை முடக்கலாமா?

மற்றவர்களுக்குப் பொருந்தும் விதி அவர்களுக்கும் பொருந்த வேண்டும். 2021 ஜனவரியில் டொனால்ட் டிரம்பின் கணக்கை பேஸ்புக் காலவரையின்றி முடக்கியது. அப்போது மேற்பார்வை வாரியம் மே மாதம் கூறியதில் இரு பகுதிகள் உண்டு: முடக்கியது சரி, ஆனால் விதிகளில் எங்குமே இல்லாத "காலவரையின்றி" என்ற தண்டனையைப் புதிதாகக் கண்டுபிடித்தது தவறு. முடிவை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த இரண்டாம் பகுதியை ஒருமித்து ஏற்க முடியும்.

எதிர்த்திசையில் நேர்ந்த தவறும் சிறிதல்ல. மியான்மரில் ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு பெருகியபோது, பர்மிய மொழி தெரிந்து பதிவுகளைப் பரிசீலிக்க 2015-இன் தொடக்கத்தில் பேஸ்புக்கில் இருவர் மட்டுமே இருந்தனர் என்று ராய்ட்டர்ஸ் 2018-இல் செய்தி வெளியிட்டது. இராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் கணக்கு 2018 ஆகஸ்டில்தான் நீக்கப்பட்டது. அதற்குள் லட்சக்கணக்கானோர் நாட்டைவிட்டு ஓடியிருந்தனர். நீக்கும் சுதந்திரம் கையில் இருந்தும், அந்த மொழியைப் படிக்க ஆள் வைக்காததால் அது பயன்படவில்லை.

11. நீக்காமல், யாருக்கும் காட்டாமல் வைத்துவிட்டால்?

அதுவும் நீக்கம்தான், சில வேளைகளில் அதைவிட மோசம், ஏனெனில் எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. ஐரோப்பியச் சட்டம் பதிவைப் பின்தள்ளுவதையும் காரணம் சொல்ல வேண்டிய செயல்களோடு சேர்த்திருப்பது சரியே. எல்லாப் பதிவையும் முதலில் காட்ட முடியாது என்பது உண்மை. இங்கே சொல்வது, ஒரு பதிவை அல்லது கணக்கைக் குறிவைத்துப் பின்தள்ளுவதைப் பற்றி மட்டும்.

12. பிடிக்காவிட்டால் வேறு தளத்துக்குப் போகலாமே?

போகலாம், தனியாக. பத்து ஆண்டு எழுதிச் சேர்த்த வாசகர்கள் கூட வரமாட்டார்கள். பயனர் தம் தரவைப் பெற்றுக்கொள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி 2018 முதல் உரிமை தருகிறது. ஆனால் படங்களையும் பதிவுகளையும் கோப்பாகப் பெறுவதால், பின்தொடர்பவர்கள் கிடைத்துவிடுவதில்லை. தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) பல இணைந்து இயங்கும் மஸ்டடான் போன்ற கூட்டமைப்புத் தளங்களில், ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குப் பின்தொடர்பவர்களோடு இடம்பெயர முடிகிறது. அங்கே ஒவ்வொரு வழங்கியின் நிர்வாகியும் எதை வேண்டுமானாலும் நீக்கலாம். அது எவரையும் பெரிதாக வதைப்பதில்லை. வெளியேறுவது எவ்வளவு எளிதோ, அவ்வளவுக்கு நீக்கும் சுதந்திரத்தைத் தாராளமாக விடலாம்.

இணையத்தின் அடித்தளச் சேவைகளுக்கு இதையே தலைகீழாகப் பொருத்த வேண்டும். தளப்பெயர் பதிவாளர், தாக்குதலிலிருந்து தளங்களைக் காக்கும் சேவை, பணம் செலுத்தும் சேவை ஆகியவை கைவிட்டால் ஒரு தளமே மறைந்துவிடும். 2017 ஆகஸ்டில் ஒரு நாஜி ஆதரவுத் தளத்தைக் கைவிட்ட, தாக்குதலிலிருந்து தளங்களைக் காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தலைவர் மேத்யூ பிரின்ஸ், காலையில் எழுந்தபோது தமக்கு மனநிலை சரியில்லை, அதனால் அவர்களை இணையத்திலிருந்து வெளியேற்ற முடிவு செய்ததாக ஊழியர்களுக்கு எழுதினார். இத்தகைய அதிகாரம் எவருக்கும் இருக்கக் கூடாது என்றும் அவரே எழுதினார். அந்தத் தளத்துக்காக நான் வருந்தவில்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டாவது விஷயத்தை அப்படியே ஏற்கிறேன்.

13. என் பதிவு நீக்கப்பட்டுவிட்டது. இப்போது என்ன செய்வது?

அறிவிப்பை அது மறைவதற்குள் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதி சுட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த விதியின் முழு வாசகத்தையும், குறிப்பாக அதன் விலக்குகளையும் படியுங்கள். மேலே சொன்ன புற்றுநோய் வழக்கைப் போல, உங்களைக் காக்கும் வரி அங்கேயே இருக்கக்கூடும். முறையீட்டில் கோபத்தை எழுதுவதைவிட, பதிவின் நோக்கத்தையும், மேற்கோள் யாருடையது என்பதையும், மொழி அறியாதவருக்குப் புரியாத கிண்டல் எது என்பதையும் எழுதுவது பயன் தரும். படிப்பவருக்கு உங்கள் பதிவின் முன்னும் பின்னும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் சான்றுபெற்ற அமைப்புகளையும் நாடலாம். அவற்றின் முடிவு தளத்தைக் கட்டாயப்படுத்தாது.

14. நீக்கப்பட்ட பதிவைத் தளம் அடியோடு அழித்துவிடலாமா?

கண்ணிலிருந்து அகற்றுவதும் இல்லாமல் ஆக்குவதும் வெவ்வேறு முடிவுகள். முதலாவதற்குத் தரும் சுதந்திரத்தை இரண்டாவதற்குத் தரக் கூடாது. 2017-இல் யூடியூப், தீவிரவாதக் காணொளிகளைக் கண்டறியும் புதிய நிரலை இயக்கியபோது, சிரியப் போரின் கொடுமைகளைப் பதிவுசெய்து வந்தவர்களின் காணொளிகள் ஆயிரக்கணக்கில் மறைந்தன. முறையிட்ட பிறகு சில மீண்டன, எல்லாம் மீளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம், லிபியத் தளபதி மஹ்மூத் அல்-வெர்ஃபல்லிக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. 7 நிகழ்வுகளில் 33 பேரைக் கொன்றதாகக் கூறும் அந்த ஆணை, பெரும்பாலும் சமூக ஊடகங்களில் வெளியான காணொளிகளையே ஆதாரமாகக் கொண்டது. அவற்றைப் பொதுவெளியில் விட்டுவைக்க வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நிரல் முந்தியிருந்தால் அந்த ஆணைக்கு ஆதாரமே இருந்திருக்காது.

தீவிரவாதப் பதிவுகள் குறித்த ஐரோப்பிய ஒழுங்குவிதி, நீக்கியவற்றை 6 மாதம் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. காவல்துறை விசாரணைக்கு அது போதலாம். போர்க்குற்ற வழக்குகளோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் தொடங்குகின்றன. அந்தக் காலம் முழுவதும் இத்தகைய காணொளிகளை நிறுவனமே வைத்திருக்க வேண்டியதில்லை. பொதுப்பார்வைக்குத் திறக்காத, நீதிமன்ற ஆணைக்கு மட்டும் திறக்கும் ஒரு சுதந்திரமான காப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழங்கிகளிலிருந்து அது அழித்துக்கொள்ளலாம்.